கோதண்டபாணியின் குழல்பெட்டி

மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுற்றிவரும் பஜனை கோஷ்டியில் கோதண்டபாணி சின்ன வயதிலிருந்தே இருந்தான். அவன் குரலை மட்டும் யாரும் கேட்டதில்லை. உதடு அசையும். தொண்டையில் எலும்பு ஏறி இறங்கும். கைத்தாளம் ஒருநாளும் பிசகியதில்லை. சத்தம் வராது, அவ்வளவுதான். முப்பது பேர் பாடும்போது முப்பத்தோராவது ஆள் பாடாததை யார் கவனிக்கப் போகிறார்கள்? மழைநாளில் தாழ்வாரம் முழுக்கச் சொட்டும்போது ஒரே ஒரு ஓடு மட்டும் சும்மா இருப்பது கண்ணில் படுமா?

கோஷ்டிக்குத் தலைவர் அவன் அப்பா ஸ்ரீனிவாசராகவன். ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாட்டுதான் அவருக்கு உத்தியோகம், ஆபீஸ் வயிற்றுக்கு. பாணிக்குப் பதினோரு வயதிருக்கும்போது ஒத்திகை ஒன்றில் பாட்டை நடுவில் நிறுத்தி அவனைப் பார்த்தார்.

"பாணி, நீ வாயை மட்டும் அசைடா. சத்தம் வேண்டாம். சுருதி சேரலை, எல்லாரையும் கீழே இழுத்துண்டு போறே."

அவர் குரலில் கோபம் இல்லை. சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். பாணியும் அழவில்லை. தன் ரத்தம் எந்த வகை என்று தெரிந்துகொள்வதுபோல, தனக்குக் காது கிடையாது என்று தெரிந்துகொண்டான். ரத்த வகையோடு யார் சண்டை போடுவார்கள்? அன்றிலிருந்து அப்பா சொன்னபடியே வாயை மட்டும் அசைத்தான். மீசை வந்தது, வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று, காதோரம் நரைத்தது. வாய் அசைந்துகொண்டே இருந்தது.

விஷயத்தைக் கண்டுபிடித்தது அவன் மனைவி மதுவந்தி ஒருத்திதான். கல்யாணமான முதல் மார்கழியில் பக்கத்தில் நடந்து வந்தவள், இரண்டாவது வீதியிலேயே அவன் காதருகே குனிந்து கேட்டாள்.

"ஏன்னா, ரேடியோ ஆஃப் ஆயிருக்கே?"

அவன் நடந்ததைச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்தபிறகு, "எனக்கும்தான் ராகத்தோட பேரை வெச்சா. பாட்டு வந்துடுத்தா என்ன? லட்சுமின்னு பேர் வெச்சவாள்லாம் எங்க பேங்க்ல கடனுக்கு நிக்கறா," என்றாள். அதோடு சரி. அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை.

அவன் வேலை பெருங்குடியில். பெரிய கட்டடங்களில் ஏசிக் காற்று ஓடும் தகரக் குழாய்களை வரைகிற கம்பெனி. ஒரு ஹாலில் இருநூறு பேர் உட்கார்ந்தால் எவ்வளவு காற்று வேண்டும், எந்த மூலையில் குளிர் தேங்கும், எந்த மூலையில் வியர்க்கும் என்பதெல்லாம் வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவனுக்குத் தெரியும். மனிதர்களோடு அதிகம் பேசாமல் காற்றோடு பேசுகிற அந்த வேலை அவனுக்குப் பிடித்திருந்தது.

போன வருஷம் மார்கழி முடிந்த கையோடு, ஏசி போடமுடியுமா என்று பார்க்க நகரத்தின் பழைய தேவாலயம் ஒன்றுக்கு அவனை அனுப்பினார்கள். அவன் சுவரோரம் டேப்பை நீட்டி அளந்துகொண்டிருந்தபோது மேல்மாடத்தில் யாரோ ஆர்கனைத் திறந்து ஒரே ஒரு கட்டையை அழுத்தினார்கள். சத்தம் வந்தது. அழுத்திய விரல் எடுக்கப்படவில்லை, சத்தமும் நகரவில்லை. ஏறவில்லை, இறங்கவில்லை, நடுங்கவில்லை. தூண்போல அப்படியே நின்றது.

மாடிப்படி ஏறிப் போய்ப் பார்த்தான். பழுது பார்க்கிற ஆள் ஒருவர் குழாய்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"சார், எந்தச் சுருதி வரும்னு எது முடிவு பண்றது?"

"குழாயோட நீளம்தான். வேற என்ன?" என்றார் அவர், இது ஒரு கேள்வியா என்கிற பாவனையில்.

பாணி கையிலிருந்த டேப்பைப் பார்த்தான். சுருதி என்பது ஒரு நீளம். நீளத்தை அளந்துவிடலாம். அளப்பதற்குக் காது தேவையில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, தோளில் மாட்டிக்கொண்டு நடக்கக்கூடிய சின்னதாக ஒரு குழாய் ஆர்கன் செய்யப்போவதாக மதுவந்தியிடம் சொன்னான். வலது கை கட்டைகளை அழுத்தும், இடது கை பின்னால் துருத்தியைப் போடும். அடுத்த மார்கழி கோஷ்டியில் அதை வாசிக்கப் போகிறேன் என்றான்.

"ஹார்மோனியம் வாங்கிண்டா போறாதா? எங்க பேங்குக்கு எதிர்த்தாப்பல கடையே இருக்கு."

"அதுல பித்தளைத் தகடு அதிர்றது. இது வெறும் காத்து. குழாய்க்கு வாய் உண்டு, உதடு உண்டு."

"நமக்கும்தான் இருக்கு," என்று சொல்ல வாயெடுத்தவள், ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவன் முகத்தைக் கவனித்தாள். "சரி, பண்ணுங்கோ. ஹால்ல மரத்தூள் வரப்படாது," என்றாள்.

மரத்தூள் மீர்சாகிப்பேட்டையில் விழுந்தது. அங்கே பீர் முஹம்மது என்பவர் சமையலறை அலமாரிகள் செய்யும் பட்டறை வைத்திருந்தார். பாணியின் வீட்டு அலமாரியும் அவர் செய்ததுதான். அதன் ஒரு கதவு இன்றுவரை சரியாக மூடியதில்லை. அந்தக் கதவை முன்வைத்தே இருவரும் சிநேகமாகியிருந்தார்கள். கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து வரும் இயந்திரங்களைச் சுற்றி அடித்த பைன் பலகைகளை பாணி ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கினான். கூடவே படத்தையும் விரித்துக் காட்டினான்.

பீர் முஹம்மது படத்தை நேராகப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா ஐயரே இது? புறாக்கூண்டா?"

"நான் ஐயர் இல்ல பாய், ஐயங்கார்."

"ரெண்டு பேர் வூட்லயும் சாம்பார் தானே? மேட்டருக்கு வா. இத்தினி பொட்டி எதுக்கு? உள்ள ஒண்ணும் வெக்கவும் முடியாது, பென்சில்தான் போவும்."

"ஒண்ணும் வெக்க வேண்டாம். காத்து போகணும்."

"காத்து போறதுக்கு நான் பொட்டி செய்யணுமா? என் பொழப்பப் பார்த்தியா," என்று பக்கத்தில் இழைத்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னார். ஆனாலும் பலகையைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஒவ்வொரு குழாயும் நாலு பலகை சேர்த்து ஒட்டிய நீளமான பெட்டி. மிகப் பெரியது ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு, சிறியது விரல் நீளம். கீழே காற்று நுழைய ஒரு துளை, அதற்கு மேலே கத்தியால் சீவிய வாய். மேல்முனையை ஒரு தக்கை அடைத்திருக்கும். தக்கையை உள்ளே தள்ளினால் குழாய் குட்டையாகிச் சுருதி ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும். கேட்க எளிது. முதல் குழாயை ஒட்டிக் காயவைத்து, பாணி வாயில் வைத்து ஊதியபோது சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற சத்தம்தான் வந்தது.

"இது ஊமை சார்," என்றார் பீர் முஹம்மது.

இரண்டாவதும் ஊமை. மூன்றாவது ஊதினால் பேசியது, ஆனால் குழந்தை மூக்கை உறிஞ்சுவதுபோலப் பேசியது. ஞாயிற்றுக்கிழமைகள் போயின. வாயை எவ்வளவு திறக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருந்தது. கூடத் திறந்தால் வெறும் காற்று, குறைத்தால் கீச்சு. வெயில் கொளுத்திய ஒரு நாள் பாணி மேலுதட்டிலிருந்து ஒரு சுருள் மரத்தைச் சீவி எடுத்துவிட்டு ஊதினான். உருண்டையாக, தணிந்து, ஒரு 'ஊ' வந்தது. பட்டறையில் இழைப்புளிகள் நின்றன.

"பேசிட்ச்சு ஐயரே!" என்று பீர் முஹம்மது குழாயை வாங்கித் தானும் ஊதினார். "நம்ம கதவு மூடாட்டியும் பரவால்ல. இது பேசிட்ச்சு."

துருத்தியை முதலில் ரெக்சினில் செய்தார்கள். ஒரு மாதத்தில் மடிப்புகள் வெடித்தன. பெரியமேட்டில் தேடி மெல்லிய ஆட்டுத்தோல் வாங்கிவந்தான் பாணி. ஐப்பசி மழையில் மரம் ஊறிக் கட்டைகள் அழுத்தினால் எழாமல் சிக்கிக்கொண்டன. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி இழைத்தார்கள். துருத்தி ஒவ்வொரு முறை விரியும்போதும் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கும். அதைக் குறை என்று நினைத்து பாணி வருத்தப்பட்டான். பீர் முஹம்மது அப்படி நினைக்கவில்லை.

"மூச்சு வாங்குது சார். நீ பாடினா வாங்கமாட்டியா?"

பாணி துருத்தியை மறுபடி விரித்து மூடினான்.

மார்கழி பிறப்பதற்கு முந்தின நாள் மத்தியானம், பெட்டி மந்தைவெளி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கடைசி வேலை சுருதி சேர்ப்பது. பாணி ஹால் ஜன்னல்களைச் சாத்தினான், பால்கனிக் கதவைச் சாத்தினான், மின்விசிறியை நிறுத்தினான். சமையலறையில் மதுவந்தி அடை வார்த்துக்கொண்டிருந்தாள். பீர் முஹம்மது ஒவ்வொரு தக்கைக்கும் தோல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது.

"ஃபேனாவது போடு சார். நான் இன்னா இட்லியா, ஆவில வேகறதுக்கு?"

"ஃபேன் காத்து குழாய் வாயில பட்டா சத்தம் ஆடும் பாய். கொஞ்சம் பொறுத்துக்கோங்கோ."

"ஏசிக் கம்பெனில வேலை. வூட்ல பாரு, பாய்லரு."

போனில் ஒரு செயலி இருந்தது. குழாய் பேசினால் அதன் சுருதி கூடுதலா குறைவா என்று முள் காட்டும். சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். பாணி ஒரு கட்டையை அழுத்துவான், முள்ளைப் பார்ப்பான், தக்கையை மயிரிழை தள்ளுவான், மறுபடி முள்ளைப் பார்ப்பான். பச்சை வந்ததும் அடுத்த குழாய். தன் காதை அவன் ஒருமுறையும் கேட்கவில்லை. போனைக் கேட்டான். சாயங்காலத்துக்குள் இருபது குழாய்களும் பச்சை.

அடையைத் தின்றுவிட்டு பீர் முஹம்மது கிளம்பிய சமயம் அப்பா கோயிலிலிருந்து வந்தார். இத்தனை மாதமாக மகன் வரைந்துகொண்டிருந்ததை அவர் ஆபீஸ் வேலை என்று நினைத்திருந்தார்.

"என்னடா இது, அப்பளக்கட்டு நிக்கறாப்பல இருக்கு?"

"குழல்பெட்டி அப்பா. சுருதிக்கு. நாளைக்குக் கோஷ்டிக்கு எடுத்துண்டு வரலாமான்னு..."

அப்பா குனிந்து ஒரு கட்டையை அழுத்தினார். பாணி துருத்தியைப் போட்டான். சத்தம் வந்து தூண்போல நின்றது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு துருத்தியைத் தடவிப் பார்த்தார்.

"தோலா?"

"ஆட்டுத்தோல்."

மதுவந்தி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

"அதுக்கென்ன, மிருதங்கத்தை வாழையிலையிலயா பண்றா?" என்றார் அப்பா. "யார் வாசிக்கப் போறா?"

"நான்தான்."

அவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். எழுபத்தெட்டு வயதுக் கண்கள், கண்ணாடிக்குப் பின்னால் பெரிதாகத் தெரிந்தன.

"சரி, வா. ஆனா ஒண்ணு. அபயம் மாமியோட சுருதிப்பெட்டி எப்பவும்போல இருக்கும். அதோட சேர்ந்தா வாசி. சேரலைன்னா நிக்கற இடத்துலேயே மூடிடு, இந்த மார்கழி முழுக்கத் திறக்கப்படாது. கோஷ்டி ஒண்ணும் நம்பாத்துச் சொத்து இல்லே."

"சரிப்பா."

ராத்திரி பெட்டியைப் போர்வையால் சுற்றிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். மதுவந்தி அதைப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

விடியலில் கிழக்கு கோபுரத்தின் அடியில் கோஷ்டி கூடியது. யார் கையிலும் போன் இல்லை. போன வருஷம் சிலர் பாட்டை விட்டுவிட்டு வீடியோ எடுத்துக்கொண்டே நடந்ததால், இந்த வருஷம் போனை ஆத்துலேயே வைத்துவிட்டு வரவேண்டும் என்று அப்பா கட்டளை போட்டிருந்தார். கடலிலிருந்து சில்லென்று காற்று வந்தது. கொஞ்சம் குளிர்ந்தாலே மயிலாப்பூர் இமயமலையாகிவிடும்: ஆண்கள் குரங்குக் குல்லாய்க்குள் போய்விட்டார்கள், பெண்கள் மடிசாருக்கு மேல் ஸ்வெட்டர். பஞ்சகச்சத்துக்கு மேல் பேரனின் ஜெர்கினைப் போட்டுக்கொண்டு ஒருவர் வந்திருந்தார்.

அபயாம்பாள் மாமி கழுத்து மறைய மப்ளர் சுற்றியிருந்தாள். தோளில் துணிப்பை, பைக்குள் பேட்டரியில் ஓடும் சுருதிப்பெட்டி ரீங்கரித்துக்கொண்டிருந்தது. கோஷ்டியில் அப்பாவுக்கு அடுத்தபடி வாய் மாமியுடையது, பாட்டிலும் பேச்சிலும்.

"என்னடா பாணி, தூளி கட்டிண்டு வந்திருக்கே? குழந்தை ஆணா பொண்ணா?"

"குழல்பெட்டி மாமி."

"முகத்தைப் பார்க்கலாமோ?"

பாணி போர்வையைப் பிரித்தான். மாமி குழாய்களை எண்ணுவதுபோல விரலை ஓட்டிவிட்டு, "அழாம இருந்தா சரி," என்று முன்னால் போனாள்.

அப்பா நாமாவளியைத் தொடங்கினார். பாணி துருத்தியைப் போட்டு ஸட்ஜமும் பஞ்சமமும் சேர்த்துப் பிடித்தான். சத்தம் பையிலிருந்த ரீங்காரத்தோடு போய்க் கலந்தது. கலந்ததும் தனியாகத் தெரியவில்லை. முன்னால் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள். மதுவந்தி பெண்கள் வரிசையிலிருந்து பார்த்தாள். பாணியின் வாய் வழக்கம்போல அசைந்தது. ஆனால் முதன்முறையாக, அவனிடமிருந்து ஏதோ ஒன்று வெளியே போய்க்கொண்டிருந்தது.

கிழக்கு மாடவீதி முடிந்து தெற்கு வீதிக்குத் திரும்பினார்கள். பெரிய கோலங்கள், ஓரமாக நடந்தார்கள். ஒரு வீட்டில் கற்பூரம் காட்டினார்கள். பால் வண்டி ஒன்று கோஷ்டிக்குப் பின்னால் பொறுமையாக ஊர்ந்து வந்தது.

தெற்கு மாடவீதியின் பாதியில் பாணிக்கு ஏதோ உறுத்தியது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. சுருதியில் ஒரு ஆட்டம், நீரில் விழுந்த விளக்கின் நிழல் ஆடுவதுபோல. துருத்தியில் ஓட்டையோ என்று அழுத்திப் பார்த்தான், இல்லை. இன்னும் நாலு வீடு தாண்டியதும் அந்த ஆட்டம் கொஞ்சம் வேகமாயிற்று. தன் பெட்டி இறங்குகிறது என்று அவனுக்குத் தோன்றியது.

தோன்றியதுதான். நம்புவதா வேண்டாமா? மற்றவர்கள் பாடிக்கொண்டே போனார்கள். அப்பா திரும்பவில்லை. பாட்டுக்காகவே பிறந்த காதுகள் அத்தனை சுற்றி நடந்தன, ஒன்றும் முகம் சுளிக்கவில்லை. காது இல்லை என்று முடிவாகிவிட்ட ஒருவனுக்கு மட்டும் கேட்கிறது என்றால் தப்பு எங்கே இருக்கும்? நேற்று இருபது குழாய்களும் பச்சை. போன் பொய் சொல்லாது. பேசாமல் வாசித்துக்கொண்டு போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை; பெட்டி மாதம் முழுக்க வீதியில் நடக்கும். வாயைத் திறந்து சொன்னால் அப்பா போட்ட நிபந்தனை இருக்கிறது. அதோடு, இருப்பதைச் சொல்கிறானா இல்லாததைச் சொல்கிறானா என்றே அவனுக்கு நிச்சயமில்லை.

மறுபடி கேட்டான். ஆடியது.

கட்டைகளிலிருந்து விரலை எடுத்தான். பாட்டு நடுவில் கோஷ்டி நிற்பதில்லை, அது அவர்கள் வழக்கம். நாமாவளி முடியும்வரை சும்மா நடந்தான். மேற்கு வீதிக்குத் திரும்பும் முனையில், மெட்ரோ வேலைக்காக அடைத்திருந்த நீலத் தகரங்களுக்குப் பக்கத்தில் பாட்டு முடிந்தது. அப்பா திரும்பினார்.

"ஏன் நிறுத்திட்டே?"

"சேரலை அப்பா. இறங்கிடுத்து."

"சரியாத்தானே இருந்தது?"

"எனக்கும் சரியாத்தான் பட்டுது," என்றாள் மாமி. "உனக்கு எப்பவுமே சந்தேகம்டா. கல்யாணத்தப்போ தாலியைக்கூட ரெண்டு தரம் திருப்பிப் பார்த்துதான் கட்டினே."

கூட்டத்தில் சிரிப்பு வந்தது. பாணி சிரிக்கவில்லை. "இறங்கியிருக்கு மாமி," என்றான் மறுபடியும். அவன் குரல் அவனுக்கே உரத்துக் கேட்டது.

மாமி பையிலிருந்து சுருதிப்பெட்டியை எடுத்துக் குழாய்களின் பக்கத்தில் பிடித்தாள். பாணி ஸட்ஜத்தை அழுத்தினான். மாமி மப்ளரைத் தளர்த்திக் காதைக் கொடுத்தாள். முதலில் அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு புருவம் மெல்ல ஏறியது.

"அட, ஆமாம். நூலிழை. ராகவா, வந்து கேளேன்."

அப்பா குல்லாயைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தபடி இருந்தார். பால் வண்டிக்காரர் என்ஜினை அணைத்துவிட்டார்.

"இறங்கித்தான் இருக்கு," என்றார் நிமிர்ந்து. மகனைப் பார்த்தார். "ஏன்?"

பாணி மாமியின் மப்ளரைப் பார்த்தான், ஜெர்கின் போட்டவரைப் பார்த்தான், அப்பா கையிலிருந்த குரங்குக் குல்லாயைப் பார்த்தான்.

"குளிர்," என்றான். "நேத்திக்கு ஜன்னலெல்லாம் சாத்தி, அடுப்புச் சூட்டுல சேர்த்தேன். காத்து குளிர்ந்தா சுருதி இறங்கும்."

"உங்க கம்பெனில அதைத்தானேடா விக்கறேள்? உனக்கே குளிர் மறந்துபோச்சா?" என்றாள் மாமி. கூட்டம் இப்போது நன்றாகவே சிரித்தது. மெட்ரோ வேலைக்காரர் ஒருவர் தலைக்கவசத்தோடு தகரத்தின் மேல் எட்டிப் பார்த்தார்.

பாணி போர்வையை எடுத்தான். நிபந்தனை நிபந்தனைதான். பெட்டியின் மேல் அதை விரிக்கப் போனபோது அப்பா கேட்டார்.

"சரி பண்ண முடியுமோ?"

"முடியும். தக்கையைக் கொஞ்சம் உள்ளே தள்ளணும். ஆனா போன் ஆத்துல இருக்கு."

"போன் எதுக்கு?"

"அதைப் பார்த்துதான் சேர்க்கணும்."

"இப்ப எதைப் பார்த்துக் கண்டுபிடிச்சே?"

போர்வை அவன் கையிலேயே இருந்தது. மதுவந்தி பெண்கள் வரிசையிலிருந்து வந்து அதை வாங்கி மடித்துக்கொண்டாள்.

"மாமி, உங்க பெட்டியை அணைங்கோ. சின்னச் சத்தம், இந்தத் தெருவுல நிக்காது," என்றார் அப்பா. தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு தெருமுனையில், தகரச் சுவருக்கு எதிரே, கண்ணை மூடிக்கொண்டு ஸட்ஜத்தைப் பிடித்தார். வயதான குரல், ஓரங்களில் கொஞ்சம் பிசிறு. நடுவில் மட்டும் கம்பிபோல நேர்.

பாணி குழாயைப் பேசவிட்டான். இரண்டு சத்தமும் ஒன்றையொன்று தொட்டு ஆடின. மதுவந்தி துருத்தியை வாங்கிக்கொண்டாள். அவன் கட்டை விரலால் தக்கையை அழுத்தினான். ஆட்டம் மெதுவாயிற்று. இன்னும் கொஞ்சம். இன்னும். ஒரு இடத்தில் ஆட்டம் நின்றது. அந்த இடம் வந்தபோது அவனுக்குத் தெரிந்தது. பச்சை விளக்கு எதுவும் எரியவில்லை. அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பிடித்தார். பிறகு பஞ்சமம். பிறகு அடுத்த நாமாவளிக்கு வேண்டிய ஸ்வரங்கள் மட்டும், ஒவ்வொன்றாக. பின்னால் ஒரு ஆட்டோக்காரன் ஹாரன் அடித்துவிட்டு, என்ன நினைத்தானோ, திரும்பி வேறு வழியாகப் போனான்.

"போறும். நாழியாறது, நட," என்றார் அப்பா.

மாமி சுருதிப்பெட்டியைப் பைக்குள் போட்டாள். போட்டவள் அதைத் திருப்பி முடுக்கவில்லை.

தகரங்களுக்கும் கடைகளுக்கும் நடுவே இருந்த சந்தில் ஒவ்வொருவராக நுழைந்தார்கள். அப்பா அவனுக்குப் பக்கத்தில் வந்தார்.

"இத்தனை காதை வெச்சுண்டு நீ ஏன்டா வாயே திறக்க மாட்டேங்கறே? நானும் பார்க்கறேன், சின்ன வயசுலேருந்து உம்முனே வரே."

பாணி நடை தடுமாறி, பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். கேலியோ என்று அப்பாவின் முகத்தைப் பார்த்தான். கேலி இல்லை. தெரிந்துகொள்ளவேண்டும் என்றுதான் கேட்கிறார். அவர் ஒரு ஒத்திகையில் ஒரு வாக்கியம் சொன்னார், அடுத்த பாட்டுக்குப் போனார், அங்கிருந்து அதற்கடுத்த பாட்டுக்கு, அப்படியே நடந்து வந்துவிட்டார். வாக்கியம் அவரிடம் இல்லை. அது பாணியிடம் மட்டும் இருந்தது.

"தொண்டை சரியில்லப்பா," என்றான்.

"முப்பது வருஷமாவா? மிளகு போட்டுப் பால் குடி," என்று சொல்லிவிட்டு அப்பா முன்னால் போனார்.

சந்து முடிந்து வீதி அகலமாயிற்று. அவர் அடுத்த நாமாவளியை எடுத்தார். பாணி ஸட்ஜத்தைப் பிடித்தான். கோஷ்டி வாங்கிப் பாடியது. அவன் உதடுகள் பழக்கப்படி அசைந்தன. இரண்டாவது அடியில், அசைந்துகொண்டிருந்த வாய்க்குள்ளிருந்து சத்தம் வந்தது. மாமி நடந்தபடியே யார் என்று திரும்பிப் பார்த்தாள்.

கொஞ்சம் இறங்கியிருந்தது. அது அவனுக்கே கேட்டது. தள்ளுவதற்கு அங்கே தக்கை எதுவும் இல்லை. மூச்சை இழுத்து, குழாயோடு வைத்துப் பார்த்து, மெல்ல ஏற்றிக்கொண்டான்.